தோற்ற ஆட்டத்தை அனுப்பிய யோகா அக்கா

சனிக்கிழமை காலை மைதானத்தில் பயிற்சிக்கான கூம்புகளை அடுக்கிக்கொண்டு நின்றபோது யோகா அக்காவின் கணவர் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, இண்டைக்குப் பிள்ளையளை வீட்டை அனுப்பிவிடும். யோகா எங்களை விட்டிட்டுப் போயிட்டா," என்றார். முந்தின நாள் வேலைத்தலத்தில் நெஞ்சு நோகிறது என்று சொன்னாராம். ஆஸ்பத்திரியில் விடியற்காலையில் எல்லாம் முடிந்துவிட்டது.

இருபது பெண்பிள்ளைகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். செய்தியைச் சொன்னேன். அழுதார்கள். சற்று நேரம் கழித்து அவர்களாகவே இரண்டு அணியாகப் பிரிந்து ஆடத் தொடங்கினார்கள். நான் யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை.

மொன்றியல் தமிழரில் பிள்ளையை மைதானத்துக்குக் கூட்டிப் போன எவருக்கும் யோகா அக்காவைத் தெரிந்திருக்கும். புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தில் லொறிகளுக்கு நேரம் ஒதுக்குவது அவருடைய வேலை. யாழ்ப்பாணத்தில் பாடசாலைக்காக வலைப்பந்து ஆடியவர். உதைபந்தாட்டத்துக்கு அவரைக் கொண்டுவந்தது மகன். மகன் ஒரு கோடை ஆடிவிட்டுச் சலித்துப்போய் நின்றுவிட்டான். காத்திருக்க வந்த தாய் பதினேழு வருடம் பெண்பிள்ளைகளின் பயிற்றுநராக இருந்தார். நான் அவருக்கு உதவியாள்.

ஒருமுறை புதிதாக வந்த நடுவர் நேரே என்னிடம் வந்து "பொன்ஜூர், கோச்" என்று கைகொடுத்தார். அக்கா பக்கத்தில் நின்று, அந்த மனிதர் விதிகளை எல்லாம் எனக்கு விளக்கி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு தன் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். எனக்குப் பிரெஞ்சு அரைகுறை. "தண்ணீர்" என்ற சொல் மட்டும் விளங்கியது; நான் பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொடுக்கிற ஆள் என்றாராம். நடுவர் சிரித்துக்கொண்டு என் கையை விட்டார். அந்தப் பருவம் முழுவதும் பிள்ளைகள் என்னைத் தண்ணி அங்கிள் என்றுதான் கூப்பிட்டார்கள்.

என் மகள் ஆரணியும் அந்த அணியில்தான் ஆடினாள். பதினைந்து வயதில் முன்களத்தில் நின்று ஆட்டத்துக்கு ஆட்டம் கோல் போட்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த நாட்களில் என் கைபேசி நிறைய அமெரிக்கப் பிள்ளைகள். பதினான்கு வயதில் பெரிய கழகம் எடுத்த பையன், பதினைந்தில் தேசிய அணியின் வாசலில் நிற்கும் பெண், நாளைய உலக நட்சத்திரம் என்று கொட்டை எழுத்தில் தலைப்புகள். ஒவ்வொன்றையும் அக்காவுக்கு அனுப்புவேன். அவரிடமிருந்து ஒரே பதில்தான் வரும்: "போன வருசம் நீர் அனுப்பின பிள்ளை இப்ப எங்கை விளையாடுது?" ஒருநாள் ரோசத்தில் உட்கார்ந்து தேடினேன். இரண்டு பேரைத்தான் கண்டுபிடிக்க முடிந்தது. ஒருவன் ஏதோ சின்னக் கழகத்தில் மாற்று ஆட்டக்காரன். மற்றவன் ஆட்டத்தை விட்டுவிட்டுக் கார் விற்கிறான். அதைப் பற்றி நான் அக்காவிடம் மூச்சு விடவில்லை.

எல்லைக்கு அந்தப் பக்கம் நடந்த ஒரு சுற்றுப்போட்டியில் ஆரணியைக் கண்ட அமெரிக்கப் பயிற்சிக் கழகம் ஒன்று அவளுடைய காணொளி கேட்டது. நான் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, அவள் போட்ட கோல்களை மட்டும் வெட்டி ஒட்டி, பின்னால் ஒரு பாட்டும் சேர்த்து, மூன்று நிமிடப் படமாக அனுப்பினேன். சில வாரத்தில் பதில் வந்தது. ஒரு வாரத் தேர்வுப் பயிற்சிக்கு வரும்படி அழைத்திருந்தார்கள். என் கைவண்ணம் பலித்துவிட்டது என்று துள்ளினேன்.

அடுத்து நான் செய்த மடத்தனத்தை எங்கள் ஆட்கள்தான் செய்வார்கள். ஆரணியை அமெரிக்காவில் எடுத்துவிட்டார்கள் என்று எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவரிடம் சொன்னேன். அவர் கோடை விளையாட்டு விழாவில் பாராட்டு என்று அறிவித்துவிட்டார். "அமெரிக்கா செல்லும் எங்கள் தங்கத் தாரகை" என்று ஆரணியின் படத்தோடு பெரிய பதாகை. பொன்னாடை, மாலை, மேடையில் கதிரை. பொன்னாடை போர்த்த யோகா அக்காவை அழைத்தார்கள். அக்கா பொன்னாடையை வாங்கிக் கையில் மடித்து வைத்துக்கொண்டு ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"இந்தப் பிள்ளையை இன்னும் ஒருத்தரும் எடுக்கேல்லை. வா, பாப்பம் எண்டுதான் கூப்பிட்டிருக்கினம். பொன்னாடை பேந்து போடலாம். இந்தக் கதையைச் சோடிச்சவர் இவர், இப்ப இவருக்குப் போடுறன்."

சொன்னபடி இறங்கி வந்து என் தோளில் போட்டார். பந்தல் முழுக்கச் சிரிப்பு. மேடையில் ஆரணியும் சிரித்தாள். எனக்குக் காது சுட்டது. இரண்டு வாரம் அக்காவோடு கதைக்கவில்லை.

தேர்வுப் பயிற்சிக்கு நான்தான் காரில் கூட்டிப் போனேன். அங்கே பதினாறு வயதில் தன் பெயர் பொறித்த தொப்பி விற்கிற பிள்ளையைக் கண்டேன். பக்கத்தில் முக்காலியில் கமெராவோடு அவளுடைய தகப்பன். வாரக் கடைசியில் அந்தப் பிள்ளையையும் எடுக்கவில்லை, ஆரணியையும் எடுக்கவில்லை. பொறுப்பாளர் என்னைத் தனியே கூப்பிட்டு மரியாதையாகச் சொன்னார். வருகிற துண்டுப் படங்களை அவர்கள் திறப்பதே இல்லையாம். "உங்கள் பயிற்றுநர் ஒரு முழு ஆட்டத்தை அனுப்பினார். நாலுக்குப் பூச்சியம் என்று தோற்ற ஆட்டம். நாலாவது கோல் விழுந்த பிறகும் உங்கள் மகள் பின்னால் ஓடிவந்து பந்தை மறித்தாள். அதற்காகத்தான் அழைத்தோம். முன்களத்துக்கு அவளைவிட வேகமான பிள்ளைகள் எங்களிடம் இருக்கிறார்கள்."

வீட்டுக்கு வந்தபிறகுதான் என் வேலையின் பலன் தெரிந்தது. கோயிலில் ஒருவர், மரக்கறிக் கடையில் இன்னொருவர், எல்லோருக்கும் ஒரே கேள்வி, பிள்ளை எப்ப அமெரிக்கா போறா. ஆரணி சப்பாத்தை நிலவறையில் எறிந்துவிட்டு அறைக்குள் இருந்தாள். பயிற்சிக்கு வரமாட்டேன் என்றாள். நான் ஆறுதல் சொல்லப் போனேன்.

"நான் தோத்ததுக்கு அழேல்லை அப்பா," என்றாள். "நீங்கள் எல்லாருக்கும் சொன்னீங்கள். அதுக்குத்தான் அழுறன்."

நான் யோகா அக்காவின் வீட்டுக்குப் போய் நின்றேன். பழைய கோபம் எதையும் அவர் எடுக்கவில்லை. உடனே என்னோடு வந்தார். எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடிக்கும்போது, அந்தத் தோற்ற ஆட்டத்தை அனுப்பியதை ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொல்லியிருந்தா நீர் அதுக்கும் பாட்டுப் போட்டிருப்பீர்," என்றார். பிறகு ஆரணியின் அறை வாசலில் போய் நின்றார். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை.

"செவ்வாய்க்கிழமை வலது பக்கம் பின்னுக்கு நிக்க ஆளில்லை. அங்கை கோல் போடேலாது. ஒருத்தரும் படமும் எடுக்க மாட்டினம். வாறியோ?"

உள்ளே இருந்து ஆரணி, "அப்பாவும் வருவாரோ?" என்று கேட்டாள்.

"ஓம். கைபேசியைக் காருக்குள்ள வைச்சிட்டு வருவார்."

"ஓகே. மெர்சி, கோச்," என்று பிரெஞ்சில் நன்றி சொன்னாள்.

அந்தச் செவ்வாய் ஆரணி பின்களத்துக்குப் போனாள். முதல் மாதம் எதிரணிப் பிள்ளைகள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அக்கா ஒவ்வொரு பயிற்சியிலும் எல்லோரும் போனபிறகு கால் மணிநேரம் அவளோடு நின்று, எப்போது பாய்வது, எப்போது பொறுப்பது என்று காட்டினார். அடுத்த கோடையில் அவளைத் தாண்டிப் போவது கஷ்டமாகிவிட்டது. பிள்ளை கெட்டிக்காரி தானே என்று நான் ஆசைப்பட்டுக் கேட்டால், "பதினைஞ்சு வயசில ஆர் கெட்டிக்காரர் எண்டு எனக்குத் தெரியாது. இருபதில கேளும்," என்பார்.

இப்போது ஆரணிக்குப் பதினெட்டு. சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் படிக்கிறாள், கல்லூரி அணியின் தலைவி. போன மாதம் அக்கா வேலையிலிருந்து நேரே வந்து, ஆற்றுக்காற்றில் விறைத்துக்கொண்டு முழு ஆட்டமும் பார்த்தார். முடிந்ததும், "இப்ப பாக்கலாம் போல கிடக்கு," என்றார். அவரிடம் ஆடியவர்களுக்குத் தெரியும், அந்த வாய்க்கு அது எவ்வளவு பெரிய சொல் என்று. ஆரணி ஒரு வாரம் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தாள். எனக்கு அந்தப் பெருமை இன்னும் அடங்கவில்லை.

யோகா அக்கா ஒருத்தியைக்கூட நட்சத்திரமாக்கவில்லை என்று சிலர் சொல்வதுண்டு. இறுதிச் சடங்கு மண்டபத்துக்கு வந்திருந்தால் பார்த்திருப்பார்கள். முப்பது வயதுப் பெண்கள், கைக்குழந்தைகளோடு, வரிசை வரிசையாக. இன்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளைப் புல்லில் இருத்திவிட்டு ஆடுகிறவர்கள். நானும் அவரோடு நின்று வேலை செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

இறுதிச் சடங்குக்கு மறுநாள் ஆரணிக்கு ஆட்டம். போகவா, விடவா என்று அவள் என்னைக் கேட்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு காரில் ஏறி இருந்தாள். நான் கோட்டுக்கு வெளியே நின்று பார்த்தேன். முகம் அழுது வீங்கியிருந்தது, ஆனாலும் முதல் பந்துக்கே பாய்ந்து போனாள். ஊர் கொண்டாட வேண்டும் என்ற என் அவசரத்தில் அவளுடைய ஆட்ட ஆசையைப் பதினைந்து வயதிலேயே முடித்துவிடப் பார்த்தவன் நான். யோகா அக்கா அதை என் மகளுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.