ஜன்னல் சாம்பலில் ஒரு மஞ்சள் வளையம்

உங்கள் வீட்டு ஜன்னல் தூசியை என்றைக்காவது விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். அதனால்தான் இந்தத் திமிர்.

நெய்வேலி குவார்ட்டர்ஸில் எங்கள் ஜன்னலில் தினமும் அனல் மின்நிலையத்துச் சாம்பல் படியும். நுண்தூள் ஒட்டிய கண்ணாடி வழியாக விளக்கைப் பார்த்தால் ஒளி வளையம் தெரியும். துகள் சிறிதானால் வளையம் பெரிதாகும்; அதை வைத்துத் துகளின் அளவைக் கணக்கிடலாம்.

"சாம்பலை அளக்குறேன் சார், லேப் சாவி குடுங்க" என்று காலேஜில் பிசிக்ஸ் புரொபசரிடம் கேட்டேன்.

"ரிசர்ச்செல்லாம் எம்.எஸ்சி. பசங்களுக்குப்பா. நீ பி.எஸ்சி. மொதல்ல வளையத்தக் காட்டு."

காட்டினேன். வெறும் மங்கல்தான் தெரிந்தது.

"டேய், நெத்தியில பூசிக்கடா, பாஸாவது ஆவே!" என்று சிரித்தான் கிளாஸ்மேட் செல்வம்.

வீட்டில் யோசித்தேன். பெரிய துகளும் சின்னத் துகளும் கலந்ததால்தான் வளையங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. பிரித்துவிட்டால்? ஜன்னலுக்கு ஓடினேன். அம்மா ஈரத்துணியோடு நின்றாள்.

"தொடைக்காதம்மா!"

"குப்பைய வெச்சிக்கினு என்னாடா பண்ணப் போற?"

சாம்பலை டம்ளர் தண்ணீரில் கலக்கினேன். பெரிய துகள்கள் முதலில் அடியில் இறங்கின. மேலிருந்த கலங்கலை வேறு டம்ளரில் ஊற்றி, அதில் படிந்ததை மட்டும் கண்ணாடியில் காயவைத்தேன்.

மறுநாள் லேபில், மஞ்சளாய் எரியும் சோடியம் விளக்கின் முன் ஊசித்துளை அட்டையை வைத்துக் கண்ணாடியைத் தூக்கினேன். பளிச்சென்று மஞ்சள் வளையம்! அதற்கு வெளியே இன்னொன்று! செல்வம் கண்ணாடியைப் பிடுங்கிப் பார்த்தான், சிரிக்கவில்லை. புரொபசர் நெடுநேரம் பார்த்தார்.

"எம்.எஸ்சி. பசங்களக் கூப்புடுப்பா. அவனுங்களும் பாக்கட்டும்."

ஊரே துடைத்தெறியும் தூசிக்கு அளவு சொல்லப்போகிறவன் நான். லேப் சாவி இப்போது என் சட்டைப் பையில் இருக்கிறது.