பரளச்சிச் சீன ஜாடி

நான் போலீஸ் கான்ஸ்டபிளாகச் சேர்ந்த புதிது. யுத்த காலம். பர்மாவில் குண்டு விழுந்து, கப்பலிலும் கால்நடையாகவும் தப்பி வந்தவர்கள் எங்கள் ஸ்டேஷன் எல்லையிலும் இருந்தார்கள். அவர்கள் வீட்டில் விலை உயர்ந்த சாமான் எதைப் பார்த்தாலும் எங்களுக்குச் சந்தேகம்தான்.

ஒரு நாள் அருப்புக்கோட்டையிலிருந்து ஒரு பெரிய மனிதர் வந்தார். பழைய சீனப் பீங்கான் சேர்ப்பவர்.

"ரங்கூன்ல எங்க வீட்டுல களவு போன ஜாடி, பரளச்சி ஞானமுத்துகிட்ட இருக்கு. ஒரு சாண் உசரம். நீலத்துல பாம்பு மாதிரி மிருகம் சுத்தியிருக்கும். அடியில சீன எழுத்து."

சப்-இன்ஸ்பெக்டர் அவருக்கு நாற்காலி போட்டு, என்னைப் பரளச்சிக்கு அனுப்பினார். சொன்ன அடையாளத்தோடு ஜாடி அங்கே இருந்தது. கூரை வீடு, கிழிந்த வேட்டி. இவருக்கு இது எப்படிக் கிடைத்திருக்கும்?

"ஏதுய்யா இது?"

"நான் வேலை பாத்த கடை மொதலாளி குடுத்தது ஐயா. சீனாக்காரரு. குண்டு விழுந்தப்ப அவுக மகனை நான்தான் தூக்கிட்டு ஓடுனேன்."

"சாட்சி?"

"அவுக உசுரோட இருக்காகளோ என்னமோ."

நான் நம்பவில்லை. ஜாடியை எடுத்துக்கொண்டு கிளம்பச் சொன்னேன். அவர் மனைவி அற்புதம் அடுப்படியிலிருந்து ஓடி வந்தார்.

"கொண்டு போறதுன்னா முழுசாக் கொண்டு போங்க ஐயா."

தயிர்ப்பானையை மூடியிருந்த பீங்கான் மூடியை முந்தானையில் துடைத்துக் கொடுத்தார். அதிலும் அதே நீல மிருகம். பெரிய மனிதர் மூடியைப் பற்றிப் பேசவே இல்லையே என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மூடியை என் பையில் வைத்துக்கொண்டேன். ஸ்டேஷனில் காத்திருந்த பெரிய மனிதர் முன்னால், ஜாடியை மட்டும் மேஜைமேல் வைத்தேன்.

"இதுக்கு மூடி இருந்துச்சா சார்?"

"மூடியே கெடையாது. எங்கப்பா வாங்குறப்பவே இப்படித்தான்."

மூடியை எடுத்துப் பொருத்தினேன். கச்சிதமாக உட்கார்ந்தது. பெரிய மனிதர் வாசலைப் பார்த்தார்.

ஓரமாக நின்றிருந்த ஞானமுத்து மெல்லச் சொன்னார்: "இவுக போன மாசம் வெலைக்குக் கேட்டு வந்தாக. தரமாட்டேன்னேன். போலீசுல சொல்லிருவேன்னாக."

"மொதல்லயே சொல்றதுக்கு என்ன?"

"நான் சொன்னா யாரு ஐயா நம்புவா?"

விசாரித்ததில், பெரிய மனிதர் ரங்கூனுக்குக் கப்பலே ஏறியதில்லை. அவர் கண்ணாடி பீரோவில் இருந்தவற்றில் பாதி, பர்மாவிலிருந்து வந்தவர்களை இப்படி மிரட்டி வாங்கியவை. எம்.ரெட்டியபட்டியிலிருந்துகூட ஒருவர் வந்து வாக்குமூலம் கொடுத்தார். பெரிய மனிதர்மேல் கேஸ் போட்டோம். ஜாடி பரளச்சிக்குத் திரும்பியது.

சீன முதலாளி கதை உண்மையா என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. அந்தச் சந்தேகம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. போலீஸ் வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்வேன்: சந்தேகப்படுவது நம் தொழில்தான். ஆனால் ஒருவரை உட்கார வைத்து, இன்னொருவரை நிற்க வைத்து அதைச் செய்யாதீர்கள்.