பதினோரு படம், ஒன்பது சாவு

கதிர்காமநாதன் பதினோரு ஆங்கிலப் படங்களில் நடித்தவர். அதில் ஒன்பதில் செத்தவர். பாரிஸ்டராகிறேன் என்று லண்டனுக்குக் கப்பலேறி, சட்டப் பரீட்சையில் மூன்று தரம் கோட்டை விட்டு, கடைசியில் ஸ்டூடியோ வாசலில் போய் நின்றார். அவருடைய நிறத்துக்கு அங்கே வேலை இருந்தது. புலி அடித்துச் செத்தார், துரைக்கு வந்த குண்டைத் தான் வாங்கிச் செத்தார், ஒருமுறை தேநீர்த் தட்டோடு படியில் உருண்டு செத்தார். வசனம் என்று பார்த்தால், எல்லாப் படத்துக்கும் சேர்த்து "யெஸ் சாகிப்" ஒன்றுதான்.

யாழ்ப்பாணத்தில் அவருடைய தகப்பனார் ஒரு படத்தைத் தியேட்டரில் போய்ப் பார்த்தார். மகன் விழுந்ததும் எழுந்து வெளியே வந்துவிட்டார். பிறகு கடிதம் எழுதினார்: "தம்பி, ஒரு படத்திலாவது உயிரோடு இரு."

சாகிற வேடமும் வராமல் போன பிறகு, 1972இல் மெல்பேர்ணுக்கு வந்தார். மனைவி இரஞ்சிதம் ஆஸ்பத்திரியில் தாதி. இவர் டிராமில் டிக்கெட் கொடுத்தார். ஆனாலும் தமிழர் வீட்டு விருந்துகளில் படக்கதை சொல்லி அவர்தான் ராஜா. செத்ததை மட்டும் சொல்லமாட்டார்.

1975இல் ஆங்கிலப் படக் கம்பனி ஒன்று வந்தது. ஊருக்குப் பக்கத்து டண்டெனோங் மலையை இந்திய மலை என்று காட்டப்போகிறார்களாம். இவர் தன் புகைப்படத்தை அனுப்பினார். டாக்டர் வேடம் கிடைத்தது. இரண்டு பக்க வசனம். டாக்டர் கடைசிவரை சாகவில்லை. நாற்பத்தெட்டு வயது மனுஷன் குசினியில் அடுப்புக்கு முன்னால் நின்று அழுதார்.

படப்பிடிப்பு வியாழக்கிழமை. செவ்வாய்க்கிழமை தந்தி வந்தது. தகப்பனார் போய்விட்டார், சித்தப்பா மகன் கொள்ளி வைத்துவிட்டான். இவர் ஒரே பிள்ளை. எங்கே இருந்தாலும் தலையையும் மீசையையும் மழித்து முழுக வேண்டியவர்.

"கொள்ளி வைக்கத்தான் குடுத்து வைக்கேல்லை. மொட்டையையாவது அடியுங்கோ. மாமாவுக்கு நீங்கள் ஒராள்தானே," என்றாள் இரஞ்சிதம்.

"வியாழன் முடியட்டும். மீசையோட இருக்கிற படத்தைப் பாத்துத்தான் என்னை எடுத்தவங்கள்."

அதன் பிறகு அவள் அவரோடு பேசவில்லை. உயிரோடு இரு என்று அப்பாவே எழுதினார்தானே என்று அவர் தன்னைத் தேற்றிக்கொண்டார். நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாட்டு.

வியாழக்கிழமை போனால், டாக்டர் கோட்டைப் போட்டுக்கொண்டு வேறொருவன் நிற்கிறான். வெள்ளைக்காரன். முகமெல்லாம் பழுப்புச் சாயம், ஒட்டு மீசை. படத்தின் முதலாளி முதல்நாள்தான் லண்டனிலிருந்து அவனை அனுப்பினாராம். டைரக்டர் கதிர்காமநாதனின் தோளில் தட்டி, கவலைப்படாதே, உனக்கும் வேடம் இருக்கிறது என்றார். துரையின் பெட்டி சுமக்கும் கூலி. பாறையிலிருந்து விழவேண்டும். தலையை மழித்தால் பொருத்தமாக இருக்கும்.

முடியாது என்று சொல்லிவிட்டுத் திரும்பியிருக்கலாம். அந்த மனுஷன் கதிரையில் போய் உட்கார்ந்தார். மேக்கப் பெண் பத்து நிமிடத்தில் தலையையும் மீசையையும் எடுத்து, விழுந்த மயிரைக் கூட்டித் தள்ளினாள். அவர் பாறையிலிருந்து நாலு தரம் விழுந்தார். நாலாவது சாவுதான் டைரக்டருக்குப் பிடித்தது.

பின்னேரம் இரஞ்சிதம் கதவைத் திறந்தாள். மொட்டைத் தலையைக் கண்டதும் அவளுடைய கோபமெல்லாம் கரைந்துபோயிற்று.

"படத்தை விட்டிட்டு வந்திட்டீங்களோ? மாமாவுக்காகவோ?"

"ஓம்," என்றார்.

அவள் அழுதாள். அவரை முழுகச் சொல்லிவிட்டு மரக்கறி சமைத்தாள். சாப்பிட்ட கையோடு மாமிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தாள். தேடி வந்த டாக்டர் வேடத்தை உதறிவிட்டு உங்கள் மகன் அப்பாவுக்குச் செய்யவேண்டியதைச் செய்தார், இப்படி ஒரு பிள்ளையைப் பெற மாமா புண்ணியம் செய்திருக்க வேண்டும் என்று எழுதி, அவருக்கு உரக்க வாசித்தும் காட்டினாள். அவர் ஓர் எழுத்தையும் மாற்றச் சொல்லவில்லை. தொப்பியைப் போட்டுக்கொண்டு, தானே கொண்டுபோய்த் தபால் பெட்டியில் போட்டார்.