மெம்பரின் குளியல்

குண்டசாலை பஸ் ரோட்டில் எங்கள் சந்து ஏறும் இடத்தில் ஒரு பெரிய குழி இருந்தது. மழை பெய்தால் அது குளம். ஸ்கூட்டியோடு அதில் விழுந்து, சேற்றுச் சேலையோடு பள்ளிக்கூடம் போயிருக்கிறேன். நான் சித்திர டீச்சர். "டீச்சர், இன்னைக்கு களிமண் பாடமா?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். அந்த ஆத்திரத்தில் வட்டார மெம்பருக்கு மனு எழுதினேன். கிணற்றில் போட்ட கல்.

எங்களுக்கு ஒரு சுவர்க்கூட்டம் இருந்தது. நான், கடைகளுக்குப் போர்ட் எழுதும், நானா என்று நாங்கள் கூப்பிடும் முஸ்லிம் அண்ணன், வங்கியில் வேலை செய்யும் பக்கத்து வீட்டுத் தங்கச்சி. வராத பஸ், ஏறும் விலைவாசி என்று, கேட்டு வாங்கிய சுவர்களில் நக்கல் படம் கீறுவோம். குழியை ஒட்டிய மதில் ஒரு கடைக்காரருடையது. "நோட்டீஸ் ஒட்டாம இருந்தா சரி, என்னமும் கீறுங்க" என்றார்.

ஞாயிறு காலை மெம்பரைக் கீறினோம். இடுப்பில் துண்டு, தலையில் சோப்பு நுரை, கையில் வாளி. முழங்காலோடு மதில் முடிந்துவிடும். மிச்சக் கால் குழித் தண்ணீருக்குள் இருப்பதுபோல் தெரியும்.

"டீச்சர், இவரு பாத்தா நம்மள உள்ள தூக்கிப் போட்டுருவாரு" என்றார் நானா.

"மீசைய இன்னும் முறுக்குங்க நானா."

பஸ்ஸில் போனவர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

சில நாளில் மெம்பரே ஜீப்பில் வந்து இறங்கினார். நான் அப்போது குழிக்குப் பயந்து ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தேன். மனுஷன் படத்தை நெடுநேரம் பார்த்தார்.

"யாரு கீறினது?"

பயம்தான். வாய் மட்டும் அடங்கவில்லை. "நாந்தாங்க. குழிய மூடலன்னுதான்."

"நல்லா இருக்கு டீச்சர்! வயித்த மட்டும் கொஞ்சம் கொறைங்க. முடிய கூட்டிடுங்க."

பிறகு படத்துக்குப் பக்கத்தில் நின்று செல்பி எடுத்தார். அன்று மாலையே அது பேஸ்புக்கில் வந்தது: 'மக்களோடு மக்களாக.' நானா வேண்டாவெறுப்பாக முடியைக் கூட்டினார். வயிற்றில் கைவைக்க நான் விடவில்லை.

ஆனாலும் அடுத்த மாதம் தார் போட ஆட்கள் வந்தார்கள். ரோலரைக் கண்டதும் எனக்கு உள்ளம் குளிர்ந்தது. நக்கலுக்கும் பலன் இருக்கிறதென்று வகுப்பில் பிள்ளைகளிடம் பீற்றிக்கொண்டேன்.

பள்ளி விட்டு வந்தால், ரோடு முழுக்கக் கறுகறுவென்று மினுங்கியது. மதிலடியில் மட்டும் குழி அப்படியே கிடந்தது. ஓரத்தை அழகாக வெட்டி, சுற்றிலும் வெள்ளையடித்த கல் பதித்திருந்தார்கள்.

"இத ஏன் விட்டீங்க?" என்று ஓவர்சியரிடம் கத்தினேன்.

"மெம்பர் ஐயா ஓர்டர் டீச்சர். மூடினா படம் கெட்டுப்போயிருமாம்."

அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அன்று பின்னேரமே மழை கொட்டியது. குழி நிறைந்தது. மறுநாள் காலை நான் ஸ்கூட்டியை விட்டு இறங்கி, குளித்துக்கொண்டிருந்த மெம்பரைச் சுற்றித் தள்ளிக்கொண்டு போனேன்.