பதினொன்றுக்குப் பதினொன்று

முத்திரையம்மாவைப் பற்றி எழுத எனக்குத் தகுதி கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என் சட்டையைப் பிடிக்க வேண்டாம். நான் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப் போவதில்லை என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிப் பிரிவில் ஜன்னலோர மேஜை அவருடையது. பிஎச்.டி. பட்டத்துக்காக யார் ஆய்வேட்டைக் கொண்டுவந்தாலும் அந்த மேஜையைத் தாண்டித்தான் போக வேண்டும். ஸ்கேல் வைத்து ஓரத்தை அளப்பார். பக்க எண்களைச் சரிபார்ப்பார். கையெழுத்துகளை எண்ணுவார். கடைசியில் ஊதா மையைத் தொட்டு ஓங்கி ஒரு முத்திரை. அந்தச் சத்தம் தாழ்வாரக் கோடி வரை கேட்கும். பெயர் வந்தது அப்படித்தான்.

அளக்கிற சாக்கில் படித்தும் விடுவார். அங்கேதான் பையன்கள் மாட்டிக்கொள்வார்கள்.

"தம்பி, நாற்பதாம் பக்கம் உங்க நடையில இல்லையே. போன வருஷம் ஒரு பொண்ணு குடுத்த தீசிஸ்ல இதே வரியைப் பார்த்தேன். நீங்களே எடுத்துடுறீங்களா, நான் மேல சொல்லவா?"

தம்பியின் முகத்தில் ஈயாடாது. ஆசிரியர்கள் அறையில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். "அந்தம்மாவே கைடா இருக்கலாம்பா, நமக்கு வேலை மிச்சம்" என்று ஒருநாள் நான் சொன்னேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது இப்போது.

நான் பேராசிரியர். சமூக வரலாறு. ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தபோது ஓர் ஆசை பிடித்துக்கொண்டது. ஆய்வு மாணவர்களை நன்றாக வழிநடத்திய பேராசிரியர்களுக்கு உயர்கல்விக் குழு ஒன்று 'தலைசிறந்த நெறியாளர்' என்று அங்கீகாரம் தருகிறது. புத்தகம் எழுதியவனுக்கு ஆயிரம் பரிசு உண்டு, மாணவனைக் கரையேற்றியவனுக்கு இது ஒன்றுதான். எனக்கு இது கிடைத்தே ஆக வேண்டும் என்று மனசில் முடிச்சுப் போட்டுக்கொண்டேன். சும்மா இல்லை, என்னிடம் ஒரு கணக்கு இருந்தது: என்னிடம் சேர்ந்தவர்கள் பதினொரு பேர், பட்டம் வாங்கியவர்கள் பதினொரு பேர். பாதியில் விட்டவர் ஒருவர்கூட இல்லை. எங்கள் துறையில் வேறு யாரும் இப்படி மார்தட்ட முடியாது.

வீட்டில் இதற்குக் கிடைத்த மரியாதையைக் கேளுங்கள். "பால் வாங்கிட்டு வரச் சொன்னா தயிர் வாங்கிட்டு வர்ற ஆளு, ஊருக்கு வழிகாட்டியாம்!" என்றாள் என் மனைவி. விண்ணப்பத்தை எட்டிப் பார்த்தாள். அதில் ஒரு கேள்வி: 'நெறியாளராக நீங்கள் தவறிய இடம் எது?' நான் எழுதியிருந்தது: 'மாணவர்களிடம் அளவுக்கு மீறிப் பாசம் வைத்துவிடுவேன்.' அவள் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இருபது பக்கமும் நிரப்பியாகிவிட்டது. மாணவர் எண்ணிக்கை சரிதான் என்று ஆராய்ச்சிப் பிரிவு முத்திரை வைக்க வேண்டும், அது ஒன்றுதான் பாக்கி. மத்தியானம் போய் முத்திரையம்மா முன்னால் நீட்டினேன். அவர் பழைய பதிவேட்டை எடுத்து விரல் வைத்து எண்ணினார்.

"பதினொண்ணுன்னு போட்டிருக்கீங்க சார். இங்க பன்னிரண்டு இருக்கு."

"பன்னிரண்டா? இருக்காதே. நல்லா பாருங்கம்மா, வேற யாரோட மாணவரையாவது சேர்த்து எண்ணியிருப்பீங்க."

"இல்ல சார். உங்ககிட்ட சேர்ந்தவங்கதான். பாதியில நின்னுட்டாங்க."

"யாரும்மா அது? எனக்கு ஞாபகமே இல்லையே!"

அவர் பதிவேட்டை என் பக்கம் திருப்பி வைத்தார். பத்தொன்பது வருடத்துக்கு முந்தைய தேதி. பெயரைப் படித்தேன். அந்தப் பெயரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவர் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்தேன். ஒன்பது வருடமாக அந்த மேஜைக்கு எதிரில் நின்றிருக்கிறேன், ஒருநாளும் அதைப் படித்ததில்லை. இரண்டும் ஒரே பெயர்.

பெயருக்கு நேராக, பாதியில் நின்ற காரணம் என்ற கட்டத்தில், என் கையெழுத்தில் ஒரே ஒரு சொல்: ஆர்வமின்மை.

செருப்பைக் கழற்றி அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் கோபப்படவே இல்லை. "பன்னிரண்டுன்னு திருத்திக் குடுங்க சார், முத்திரை வைக்கிறேன். காரணத்தையும் நீங்கதான் எழுதணும்" என்றார். எல்லோரிடமும் பேசுகிற அதே குரல்.

அந்த இடத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். பேனாவை எடுத்து, அந்தப் பக்கத்தை வேறு தாளில் எழுதி, பதினொன்றுக்குப் பதில் பன்னிரண்டு என்று போட்டேன். காரணம் என்ற இடத்தில் 'குடும்பச் சூழல்' என்று எழுதினேன். அவர் அதைப் படித்தார். எண்ணிக்கைக்குத்தானே அவர் பொறுப்பு! ஓங்கி முத்திரை வைத்தார்.

அவர் கதையை அதற்குப் பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன், அதுவும் அவருடன் வேலை பார்க்கிற ஓர் அம்மாவிடம். தையல்காரரின் மகள். அக்காவும் அவரும் பொத்தான் துளை தைத்துக்கொண்டே படித்தவர்கள். எம்.ஏ.வில் முதல் இடம். ஊர்மக்கள் நகராட்சிக்கு எழுதிய பழைய மனுக்களைப் பற்றி ஆய்வு செய்யப் போகிறேன் என்று என்னிடம் வந்தார். ஆவண அறையில் உட்கார்ந்து நானூறு மனுக்களைக் கையாலேயே படியெடுத்தார். முதல் அத்தியாயத்தை எழுதி என்னிடம் கொடுத்தார். நான் அப்போது கருத்தரங்கு கருத்தரங்காகப் பறந்துகொண்டிருந்த நேரம். "பார்த்துட்டுச் சொல்றேன்மா" என்றேனாம். பதினான்கு மாதம் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். அத்தியாயத்துக்கு ஒப்புதல் இல்லாததால் உதவித்தொகை நின்றது. அவர் எழுத்தர் தேர்வு எழுதி வேலைக்குப் போய்விட்டார். கல்யாணம், ஒரு மகள், வேறு வேறு அலுவலகம், கடைசியில் மாற்றலாகி இங்கேயே.

வந்த வருடமே மறுபடியும் சேர முயன்றிருக்கிறார். 'ஆர்வமின்மை என்று நெறியாளரே பதிந்திருப்பதால் இடமில்லை' என்று பதில் வந்ததாம். ஒருவருடைய படிப்பின் கதவைச் சாத்துவதற்கு ஆறே ஆறு எழுத்துதான் தேவைப்பட்டது எனக்கு.

அங்கீகாரம் கிடைத்தது. ஆமாம், கிடைத்தது. பன்னிரண்டில் பதினொன்று என்பதும் நல்ல கணக்குதான் என்று குழு நினைத்துவிட்டது. பெரிய அரங்கில் விழா. 'என் மாணவர்கள் என் பிள்ளைகள் மாதிரி' என்று மேடையில் பேசினேன். பேச்சின் நடுவில் மூன்றாவது வரிசையில் முத்திரையம்மாவைப் பார்த்துவிட்டேன். அலுவலக ஆட்கள் எல்லோரும் வரவேண்டும் என்று உத்தரவு. எல்லோரும் கைதட்டினார்கள், அவரும் தட்டினார். பூமி பிளந்தால் அப்படியே உள்ளே போயிருப்பேன். மீதிப் பேச்சை முழுங்கிவிட்டு இறங்கினேன். "என்னங்க, முகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?" என்று மனைவி கேட்டாள். வெயில் என்று பொய் சொன்னேன்.

மறுநாள் காலையில் அந்த அத்தியாயத்தைத் தேடி என் துறை அறை அலமாரிகளைக் காலி செய்தேன். கீழ்த் தட்டில், கருத்தரங்கு மலர்களுக்கு அடியில் அந்தக் காக்கி உறை கிடைத்தது. உறையின் மேல் அவர் பெயர், என் பெயர், தேதி. ஒட்டியது ஒட்டியபடியே இருந்தது. நான் படிக்காமல் மட்டும் விடவில்லை, பிரிக்கவே இல்லை.

கதவைத் தாழிட்டுவிட்டு அறுபத்திரண்டு பக்கத்தையும் ஒரே மூச்சில் படித்தேன். தண்ணீர் கேட்டு எழுதியவர்கள், விளக்கு கேட்டு எழுதியவர்கள், எழுதப் படிக்கத் தெரியாமல் கைநாட்டு வைத்தவர்கள். பதில் வராத மனுவை அடுத்த வருடமும் அதே வார்த்தைகளில் எழுதிய ஒரு கிழவரைப் பற்றி நான்கு பக்கம். என் பதினொரு பேரில் ஒருவரும் இப்படி எழுதவில்லை. ஏன், நானே எழுதவில்லை. வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. தனியறையில் யாருக்குப் பயந்தேனோ, முகத்தை மூடிக்கொண்டேன்.

சாப்பாட்டு நேரத்தில் போனேன். அவர் மட்டும் இருந்தார். அத்தியாயத்தை மேஜைமேல் வைத்தேன்.

"படிச்சேன்மா. ரொம்ப நல்லா இருக்கு."

"தெரியும் சார்" என்றார்.

அதற்கு மேல் நான் என்ன சொல்ல? மன்னிப்புக் கேட்டேன். குளறினேன். பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினேன். பதிவேட்டைத் திருத்தச் சொல்லி எழுதியது. ஒரு நகல் பதிவாளருக்கு, ஒரு நகல் அங்கீகாரக் குழுவுக்கு. குழு பார்த்தால் கொடுத்ததைத் திரும்பக் கேட்கும், கேட்கட்டும். 'இவர் விலகியது ஆர்வமின்மையால் அல்ல. அத்தியாயத்தைப் படிப்பதில் என் பக்கம் தாமதம் ஏற்பட்டது' என்று எழுதியிருந்தேன். அதை எழுதிய பெருமையில் கொஞ்சம் நிமிர்ந்துகூட நின்றேன் என்று நினைக்கிறேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். பென்சிலை எடுத்து இரண்டாவது வரியில் ஒரு சொல்லின் கீழே கோடிட்டார்.

"தாமதம்னு போட்டிருக்கீங்க சார். யாரு வேணாலும் எதுக்கு வேணாலும் எழுதுற வார்த்தை இது. எத்தனை மாசம்னு போடுங்க."

"பதினாலு மாசம்மா."

"அதைப் போடுங்க. 'ஏற்பட்டது'ன்னா தானா நடந்த மாதிரி இருக்கு. யாரு பண்ணாங்கன்னு வரட்டும்."

மேஜைக்கு எதிரில் ஒரு நாற்காலி இருந்தது. உட்காரலாமா என்று அவரிடம் கேட்டுவிட்டு உட்கார்ந்தேன். 'பதினான்கு மாதம் நான் உறையைப் பிரிக்கவில்லை' என்று அடித்துத் திருத்தி எழுதிக் கொடுத்தேன். மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.

"அடிச்சு எழுதினா செல்லாது சார். சுத்தமா வேற தாள்ல எழுதிட்டு வாங்க, முத்திரை வைக்கிறேன்."