மின்தடை நாளின் நகல்

சம்பா விதைப்பு நெருங்கிய ஒரு காலையில், உத்திரமேரூர் பக்கத்தில் நான் வேலை பார்க்கும் விதை நிறுவனத்தின் ஆய்வக சர்வரில் டிஸ்க் போனது. முளைப்புச் சோதனை முடிவுகள் எல்லாம் அதில்தான். முடிவு இல்லாமல் ஒரு மூட்டையும் வெளியே போகாது. மறுபடி சோதித்தால் நெல்லுக்குப் பதினாலு நாள். வாசலில் டிராக்டர்கள் நின்றன. ஆய்வகப் பொறுப்பாளர் தேவகி கேட்டார்: “நாத்து வுடுற நேரம் சார். ஜனங்க இன்னா பண்ணும்?”

பேக்கப், அதாவது சர்வரில் உள்ளதைத் தினமும் நகலெடுத்து வைப்பது, என் பொறுப்பு. பதினொரு சர்வர்களைக் குழுக்களாகப் பிரித்து, எதை எப்போது எப்படி நகலெடுப்பது என்று குழுவுக்கு ஒரு பாலிசி எழுதியவன் நான்தான். பிரித்தது மின்தடையை வைத்து. எங்கள் சர்வர்கள் இரண்டு ஊர்களில் இருந்தன. மாதாந்திரப் பராமரிப்புக்கு உத்திரமேரூரில் ஒரு நாள், வாலாஜாபாத்தில் ஒரு நாள் கரண்ட் போகும். ஒரே நாளில் அணைகிற சர்வர்கள் ஒரே குழு. வெளியூர்க்காரனுக்கு இது தோன்றாது என்று உள்ளுக்குள் பெருமை வேறு. நகலெடுத்து முடிந்தது என்று ரிப்போர்ட்டும் தினமும் பச்சையாகவே வந்தது.

நகலிலிருந்து ரீஸ்டோர் செய்தேன். ஃபைல் வந்தது, திறக்கவில்லை. முந்தைய நாளுடையதும் அப்படியே. ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸைச் சாதாரண ஃபைல் போல நகலெடுத்தால் பாதி பழசும் பாதி புதுசுமாக வரும். அதற்குத் தனி முறை உண்டு. ஒரே நாளில் கரண்ட் போகும் என்பதற்காக ஆய்வக டேட்டாபேஸை ஆபீஸ் ஃபைல்களோடு ஒரே குழுவில் சேர்த்து வைத்திருந்தேன்.

ஒவ்வொரு நாளாகப் பின்னால் போனேன். பன்னிரண்டு நாளுக்கு முந்தையது திறந்தது. இது மட்டும் ஏன்? பயத்தையும் மறந்து அதைத்தான் தோண்டினேன். அன்று மின்தடை. மாலையில் கரண்ட் வந்து சர்வர் எழுந்துவிட்டது. டேட்டாபேஸை தேவகி மறுநாள் காலையில்தான் ஓடவிட்டார். இடையில், டேட்டாபேஸ் ஓடாத நேரத்தில், இரவு ஏழு மணிக்கு பேக்கப் முடிந்திருந்தது.

மூட்டை கிளம்பும்வரை முளைப்புத் தட்டுகளை தேவகி வீசுவதில்லை. மீதிப் பன்னிரண்டு நாள் முடிவுகளை அவரும் இரண்டு பெண்களும் தட்டுகளைப் பார்த்துத் திரும்ப எண்ணினார்கள். மறுநாள் மதியம் டிராக்டர்கள் கிளம்பின.

டேட்டாபேஸ் தனி, ஃபைல் தனி, மெயில் தனி என்று குழுக்களை மாற்றி, புது ரிப்போர்ட்டை தேவகியிடம் காட்டினேன். அவர் நிதானமாகப் பார்த்தார்.

“நாங்க நானூறு வெதைய எண்ணி எடுத்து, மொளைக்க வெச்சிப் பாத்துட்டுதான் சார் மூட்டைக்கு பாஸ் போடறோம். நீங்க ஒண்ணகூட தொறந்து பாக்காமயா இத்தினி நாளா பாஸ் போட்டுக்கினு இருந்தீங்க?”

இப்போது வாரம் ஒருமுறை, குழுவுக்கு ஒரு சர்வரை வேறு மெஷினில் ரீஸ்டோர் செய்து திறந்து பார்க்கிறேன். திறந்து பார்க்காத நகலை நான் பேக்கப் என்று சொல்வதில்லை.