விதை முற்றப் பத்து நாள்

எங்கள் கல்லூரியில் வஹீதாவைப் பற்றிக் கேட்டால் "அந்தப் புல்லு மேடமா?" என்று சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தாவரவியல் ஆய்வகத்தில் பத்தொன்பது வருடமாக உதவியாளர். பாலக்கரையிலிருந்து பஸ் பிடித்து, கே.கே. நகருக்கு எட்டரைக்கெல்லாம் வந்துவிடுவாள். நூலகத்தில் இருக்கிற நான் வருவதே ஒன்பதே காலுக்குத்தான்.

கல்லூரித் திடலின் ஓரத்தில், பாறை இடுக்கில் ஒரு புல். எடமலைப்பட்டி புதூர் வரை நாலு வருடம் அலைந்தும் வேறெங்கும் அவள் கண்ணில் படவில்லை. மழைக்கு முளைத்து, விதை உதிர்த்து, செத்துப்போகிற புல். விதை விழாவிட்டால் கதை முடிந்தது. இந்தச் செப்டம்பரில் கதிர்விட்டது. விதை முற்றப் பத்து நாள் வேண்டும் என்று முதல்வரிடம் கேட்டாள்.

"அதுக்கென்னம்மா, யாரும் தொடமாட்டாங்க" என்றார்.

வனவிலங்கு வாரக் கண்காட்சிக்கு அவள் ஓர் அட்டை எழுதினாள். ஒரு பக்கம், பனாமாவில் ஒரே தீவில் வாழும் குட்டை ஸ்லாத், மரக்கிளையில் தலைகீழாய்த் தொங்கும் மந்தமான விலங்கு: பாலூட்டி, தென்னமெரிக்க எறும்புத்தின்னிக்கு உறவு, மிக அருகிய இனம். மறுபக்கம் அவள் புல்: நெல்லும் கரும்பும் சேர்ந்த குடும்பம், நிலை மதிப்பிடப்படவில்லை.

"மதிப்பிடலைன்னா நல்லா இருக்குன்னு அர்த்தமா?" என்றேன்.

"எத்தனை மிச்சம்னு எண்ணிப் பார்க்க ஒருத்தரும் வரலைன்னு அர்த்தம்."

விழாக்குழுவோ ஆறடி ஸ்லாத் பொம்மை செய்து, கீழே 'தேவாங்கைக் காப்போம்' என்று எழுதிவைத்தது. தேவாங்கு குரங்குக்குச் சொந்தம், நம் பக்கத்துக் காட்டிலேயே இருக்கிறது. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? படித்தவர்களாம், வெட்கக்கேடு!

திங்கட்கிழமை காலை திடலின் ஓரம் மொட்டையாகக் கிடந்தது. பந்தல் போட வழித்துவிட்டார்கள். வஹீதா குப்பை வண்டிவரை ஓடினாள். அள்ளிய கதிரெல்லாம் பச்சை, ஒன்றும் முளைக்காது.

"புல்லுதானேம்மா, மழை பெஞ்சா தானா வந்துடும்" என்றார் முதல்வர். நாக்கில் நரம்பில்லாத மனுஷன். என் வாயில் வந்ததை அங்கேயே சொல்லியிருந்தால் எனக்கு வேலை போயிருக்கும். சொல்லாமல் விட்டதற்கு இன்றுவரை என்னையே திட்டிக்கொள்கிறேன்.

மறுநாள் விழா. பந்தலுக்குள் சிறப்பு விருந்தினர் எல்லாவற்றையும் தாண்டிவந்து வஹீதாவின் அட்டைமுன் நின்றார். நிதானமாகப் படித்தார்.

"இந்தப் புல்லை எங்கம்மா பார்க்கலாம்?"

முதல்வர் முந்திக்கொண்டார். "நம்ம வளாகத்துலேயே இருக்குங்க! எங்க காலேஜுக்கே பெருமை!"

வஹீதா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நீங்க நிக்கிற கார்ப்பெட்டுக்குக் கீழதான் சார்," என்றாள். "வெள்ளிக்கிழமை வரைக்கும் இருந்துச்சு."